எல்லாப் படமும் ஒரே நேரத்தில் வர வேண்டும்

லொம்வார் தீவு,
சனிக்கிழமை இரவு (வெளிச்சமாகத்தான் இருக்கிறது)

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய சுன்னிவா அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் ரக்னி பணிவுடன் எழுதிக்கொள்வது. த்ரோன்ஹெய்மில் நீங்களும் உங்கள் பூனையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா நலம். தம்பி ஷூர் நலம். அம்மாவுக்கு இந்த வாரம் கரையில் இருக்கும் முதியோர் இல்லத்தில் இரவு வேலை, அவரும் நலம். செம்மறிகள் குட்டி போட்டுவிட்டன, குட்டிகளும் நலம். நான் மட்டும் நலமில்லை. காய்ச்சல் எதுவும் இல்லை, பயம்தான்.

இந்தக் காலத்தில் தாளில் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். போனில் எழுதினால் அது சமையலறைத் திரையிலும் வந்து நிற்கும், அப்பா காப்பி குடித்துக்கொண்டே சத்தமாக வாசிப்பார். தாளில் எழுதுவதும் சுலபமாக இல்லை. இந்த வடகோடியில் மே மாதம் வந்தால் ராத்திரியிலும் இருட்டுவதே கிடையாது, ஒளிந்து எழுத இருட்டு வேண்டாமா? போர்ஹில் வீட்டு ஜன்னல் எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது, அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. அதனால் போர்வைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து மலையேறினால் மன்னியுங்கள்.

விஷயம் இதுதான், அத்தை. ஊர்க்கூட்டத்தில் போட்ட தீர்மானத்தை நான் மீறிவிட்டேன். யாருக்கும் தெரியாமல். தனியாக. அப்பா தலைவராக இருக்கும்போதே. நான் ஒரு படகைத் திருடிக்கொண்டு போயிருந்தால்கூட, பாவம் சின்னப் பெண், திருப்பிக் கொண்டுவந்துவிட்டாளே என்று காப்பி கொடுப்பார்கள். கூட்டக் குறிப்பில் ஏறி, கையெழுத்தும் போட்ட தீர்மானத்தை மீறினவள் என்று இந்தத் தீவில் இதுவரை ஒருத்தியும் இல்லை. முதல் ஆள் நான்தான். வருகிற வியாழக்கிழமைக் கூட்டத்தில் தெரிந்துவிடும். அதற்குள் நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். எப்படி என்று பிறகு சொல்கிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூட விஷயம் உங்களுக்குத் தெரியும். நாங்கள் ஏழே பேர். ஜூன் மாதம் நகராட்சியில் ஓட்டுப் போட்டு மூடிவிடுவார்கள், அதற்குள் புதுப் பிள்ளைகள் வந்தால் மட்டும் மூட மாட்டார்கள். மூடிவிட்டால் தினமும் காலையில் படகில் கரைக்குப் போய்ப் படிக்க வேண்டும். எனக்குப் பரவாயில்லை, ஷூரை நினைத்துப் பாருங்கள். அவன் படகு துறையில் கட்டிக் கிடக்கும்போதே வாந்தி எடுக்கிறவன். போன வாரம் படகின் படத்தைப் பார்த்தே முகம் வெளுத்தான். அதனால்தான் பிள்ளைகளோடு ஒரு குடும்பமாவது இங்கே குடிவர வேண்டும் என்று ஊர்ச்சங்கம் "லொம்வாருக்கு வாருங்கள்" என்று ஓர் இணையதளம் தொடங்கியது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. திறமைக்காக இல்லை. கடவுச்சொல்லை மறக்காமல் இருப்பவள் நான் ஒருத்திதான்.

வீட்டுக்கு இரண்டு படம் என்று முடிவானது. எல்லாவற்றையும் மாக்னே எடுத்தார். அவர் பறவை எடுக்கும் கேமராவால் எடுத்தார் என்பதுதான் எல்லாத் துன்பத்துக்கும் தொடக்கம். அந்தக் கேமராவில் நீர்க்காகத்தை எடுத்தால் அதன் இறகில் ஊரும் பேன் வரைக்கும் தெரியும். ஒவ்வொரு படத்தையும் அச்சடித்தால் எங்கள் மாட்டுக்கொட்டகைச் சுவர் முழுக்க ஒட்டலாம், அவ்வளவு பெரிது. பார்க்கிறவர் கையில் இருப்பதோ உள்ளங்கை அகலப் போன். கொஞ்சம் கருவாடு ருசி பார்க்கக் கேட்டவருக்கு, மீன் உலர்த்தும் பரணையே அடியோடு பெயர்த்து அனுப்பிவைப்பது போலத்தான் இது. பரண் வந்து சேரும்வரை அவர் வாயைத் திறந்துகொண்டு நிற்க வேண்டும்.

ஆனால் இது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. காரணம் அந்த இணையக் கேபிள். எந்தக் கம்பெனியும் இவ்வளவு தூரம் வராது என்று சொன்னபோது எல்லோரும் டூக்னாட் என்று கூலியில்லாமல் ஊரோடு சேர்ந்து மண்வெட்டி எடுத்து, ஒரு கோடை முழுக்க நாமே பள்ளம் வெட்டிப் பதித்தோமே, நீங்கள்கூட லீவில் வந்து வெட்டிவிட்டு ஒரு வாரம் நிமிர முடியாமல் நடந்தீர்களே, அதே கேபிள்தான். அதில் எங்கள் தளம் கண் சிமிட்டுவதற்குள் வந்துவிடும். தளம் மெதுவாக இருக்கிறது என்று சொன்னால் பள்ளம் சரியில்லை என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். பள்ளம் சரியில்லை என்றால் அப்பாவின் முதுகு வீணாய்ப் போனது என்று அர்த்தம்.

கிறிஸ்துமஸுக்கு போர்ஹில் தன் தங்கை வீட்டுக்கு, பூடோவுக்குப் போனார். அங்கே பஸ்ஸில் போனைத் திறந்து தளத்தைக் காட்டியிருக்கிறார். முதலில் மீன்பிடிக்கிற அஸ்லாக்கின் படகு வந்ததாம். பிறகு அஸ்லாக்கின் இரண்டாவது படம் வந்ததாம். போர்ஹிலின் உருளைக்கிழங்குத் தோட்டம் வருவதற்குள் தங்கை இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டதாம். அவர் திரும்பி வந்த அடுத்த கூட்டத்தில், எல்லோருக்கும் வைத்த வாஃபிள் அப்பம் சூடு ஆறுவதற்குள் எழுந்து நின்றார்.

"அஸ்லாக் படகு மட்டும் ஏன் முதல்ல வரணும்? அது என்ன ராஜாவோட படகா?"

"அகர வரிசைதானே போர்ஹில்," என்றார் அப்பா. "அ முதல்ல வரும்."

"அப்ப எங்கப்பாவும் அம்மாவும் எனக்குப் பேர் வச்சது என் தப்பா? நானும்தான் பள்ளம் வெட்டினேன். என் தோட்டத்துக்குக் குறுக்கதான் அந்த கேபிளே போகுது!"

இதைக் கேட்டதும் கூடத்தில் ஒருவரும் வாஃபிளைக் கடிக்கவில்லை. ஒருவருக்கு ஒன்று முந்தியும் இன்னொருவருக்குப் பிந்தியும் போவதை எங்கள் ஊர் தாங்காது என்று உங்களுக்கே தெரியும். பூப்போல இருக்கும் வாஃபிளைக்கூட அப்பா இதழ் இதழாகப் பிய்த்து எண்ணித்தான் வைப்பார், பழுப்புப் பாலாடைக்கட்டியைத் தகடு தகடாகச் சீவி, வெளிச்சத்தில் பிடித்து, எல்லாம் ஒரே கனமா என்று பார்த்துத்தான் போடுவார். கடைசியில் தீர்மானம் போட்டார்கள்: எல்லாப் படமும் ஒரே நேரத்தில் வர வேண்டும், எல்லாம் வந்து சேரும்வரை எதுவும் தெரியக் கூடாது. எல்லோரும் கை தூக்கினார்கள். எனக்கு வயது வரவில்லை என்பதால் கை தூக்கவில்லை. ஆனால் அதைத் தளத்தில் செய்து வைத்தவள் நான்தான்.

அன்று முதல் தீவுக்கு வெளியே யார் எங்கள் தளத்தைத் திறந்தாலும் வெள்ளைத் திரைதான். நானே கண்ணால் பார்த்தேன். பல் டாக்டரிடம் போன அன்று படகில் திறந்தேன். துறையை விட்டுக் கிளம்பியபோது வெள்ளையாக இருந்தது. கலங்கரை விளக்கம் தாண்டியபோதும் வெள்ளை. டாக்டர் என் பல்லைப் பிடுங்கி முடித்த பிறகும் வெள்ளை. அடுத்த கூட்டத்தில் துணிந்து கை தூக்கி, படங்களைச் சின்னதாக்கினால் வேகமாக வரும் என்று சொன்னேன். பல் போன ஓட்டை வழியாகக் காற்று வந்ததால் சரியாகக் கேட்கவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார்கள். மறுபடி சொன்னேன்.

"என் படகைச் சின்னதாக்கணுமா?" என்று அஸ்லாக் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "அதை வரி ஆபீஸ்காரன்கிட்ட மட்டும்தான் சின்னதா காட்டுவேன்."

"படகு அப்படியேதான் இருக்கும்," என்றேன். "படத்தோட எடை மட்டும் குறையும். பார்க்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

"வித்தியாசம் தெரியாதுன்னா எதுக்குக் குறைக்கணும்?" என்றார் மாக்னே. "என் நீர்க்காகத்தோட கண்ணுல சூரியன் தெரியுது. அந்தச் சூரியனுக்காக நாலு மணி நேரம் குப்புறப் படுத்துக் கிடந்திருக்கேன், தெரியுமா? அதை நீ வழிச்செடுத்துடுவே."

"குறைச்சா எல்லாருக்கும் ஒரே அளவு குறைக்கணும்," என்றார் போர்ஹில். "அதை யார் அளக்குறது?"

அப்பா எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "ரக்னி, நம்ம கம்ப்யூட்டர்ல திறந்து பாரு. டக்குனு வருதா இல்லையா? வருது. கரையில வரலைன்னா, கரையில இருக்கிறவங்க பள்ளம் வெட்டட்டும்." எல்லோரும் கை தட்டினார்கள். நான் என் பங்கு வாஃபிள் இதழ்களைத் தின்றுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வாரம்தான் அந்த மெயில் வந்தது. ஹாலந்துக்காரர்கள். ஃபெம்கே என்ற அம்மா, அவர் கணவர், நான்கு பிள்ளைகள். நான்கு, அத்தை! வேனிலேயே தூங்கிச் சமைத்து, குடியேற ஒரு தீவு தேடிக் கடற்கரையோரமாக வடக்கே வந்துகொண்டிருக்கிறார்கள். ஃபெம்கே எழுதியிருந்தார்: "உங்கள் தளத்தைப் பல இடங்களில் நிறுத்தித் திறந்து பார்த்தோம். வெள்ளையாகவே இருக்கிறது. அது பனி என்று எங்கள் கடைக்குட்டி சொல்கிறான். அங்கே இன்னும் யாராவது குடியிருக்கிறீர்களா? சில்வார் தீவின் தளம் திறக்கிறது. திங்கட்கிழமை அங்கே போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்."

சில்வார் தளத்தில் ஒரே ஒரு படம்தான் அத்தை. ஒரு கேக். மேலே ஒரு கொடி குத்தியிருக்கிறது. அந்தக் கேக்கிடம் தோற்றுக்கொண்டிருந்தோம்.

அப்பா பதில் எழுதினார். மரியாதையாகத்தான் எழுதினார். "எங்கள் கேபிள் இந்தக் கடற்கரையிலேயே வேகமானது. இங்கே வந்து திறந்து பாருங்கள், உடனே தெரியும்." தளத்தைப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்கிறவரிடம், வந்து தளத்தைப் பார் என்று சொல்லிவிட்டுத் திருப்தியாகத் தூங்கப் போனார். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து பதிலே இல்லை.

அதனால் இன்று மத்தியானம், அப்பா அடுப்பில் சனிக்கிழமைக் கஞ்சிக்குப் பாலில் அரிசி போட்ட நேரம் பார்த்து, மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கினேன். முதலில் எல்லா அசல் படங்களையும் பத்திரமாக ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்தேன், பிறகு ஒவ்வொன்றாகச் சுருக்கினேன். பயத்தில் முதல் தடவை அளவுக்கு மீறிச் சுருக்கிவிட்டேன், போர்ஹிலின் உருளைக்கிழங்குத் தோட்டம் சதுரங்கப் பலகையாகிவிட்டது, பாதிரியாருக்கு மூக்கு எங்கே முடிந்து தாடி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து செய்தேன். இந்தத் தடவை போனின் அகலத்துக்கு ஒரு படம், பெரிய திரைக்கு ஒரு படம் என்று தனித்தனியாகச் செய்தேன். எது வேண்டுமோ அது மட்டும் போகும். கீழே இருக்கிற படங்கள், பார்க்கிறவர் கீழே இறங்கி வரும்போது மட்டும் வரும். நீர்க்காகத்தின் கண்ணில் சூரியன் அப்படியே இருக்கிறது, அத்தை, கிட்டப் போய்ப் பார்த்துவிட்டேன். கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு, எல்லாம் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் அந்தத் தீர்மானத்தை அழித்தேன். அழித்ததும் ஜன்னல் பக்கம் பார்த்தேன். போர்ஹில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"ரக்னீ! கஞ்சி ஆறுது!" என்று அப்பா கூப்பிட்டார். ஒரு தடவை சரி பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. படங்களைச் சுருக்கும்போது, எந்தப் பக்கம் மேலே என்று கேமரா உள்ளே எழுதி வைத்திருந்த குறிப்பும் சேர்ந்து கழன்றுவிட்டது என்பது எனக்கு எப்படித் தெரியும்? நாங்கள் கஞ்சி மேல் இலவங்கப்பட்டைத் தூள் தூவிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, உலகத்துக்கு முன்னால் அஸ்லாக்கின் படகு மூக்கு கீழே போய்ச் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. அதில் அஸ்லாக் சிரித்துக்கொண்டே கை அசைத்துக்கொண்டிருந்தார்.

கஞ்சி பாதியில் இருக்கும்போது கதவு படார் என்று திறந்தது. அஸ்லாக் ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு நின்றார்.

"ஒட்வர்! நான் மூழ்கிட்டேனாம்!"

அப்பா கரண்டியை வைத்தார். "யார் சொன்னா?"

"பெர்கன்லேர்ந்து எங்கக்கா. போன் பண்ணி அழுறா. 'அஸ்லாக், நீயா பேசுறே'ன்னு கேக்குறா. 'நான்தான்'னேன். 'எங்கேருந்து பேசுறே'ன்னு கேக்குறா! நம்ம தளத்துல பாத்தாளாம்."

"உங்கக்காவோட போன்ல நம்ம தளம் திறந்துச்சா?" என்றார் அப்பா. அதுதான் அவருக்கு ஆச்சரியம்.

நான் வயிறு சரியில்லை என்று சொல்லி மாடிக்கு ஓடினேன். இருவரும் கம்ப்யூட்டரைத் திறப்பதற்குள் படகைத் திருப்பி நிறுத்திவிட்டேன். கீழேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "நல்லாத்தானேப்பா மிதக்குது?"

"மிதக்குது," என்றார் அஸ்லாக். "அக்கா சனிக்கிழமைன்னா கொஞ்சம் குடிப்பா."

பாவம் அந்த அம்மா, என்னால் ஒரு நல்ல பெயர் போனது. இதோடு முடிந்ததா? இல்லை. இறங்கி வந்தால் அப்பா தன் கிண்ணத்திலிருந்து எதையோ கரண்டியில் தூக்கிப் பிடித்து, "என்னடா இது, கிறிஸ்துமஸ் கஞ்சியில ஒளிச்சு வைக்கிற பாதாம் பருப்பு மாதிரி! கிறிஸ்துமஸ் வந்துடுச்சா?" என்றார். என் பென்டிரைவ். அசல் படங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. நான் ஓடும்போது அது என் பாக்கெட்டிலிருந்து மேஜையில் சிந்தியிருந்த பாலில் விழுந்திருக்கிறது, ஷூர் அதைப் பார்த்திருக்கிறான். நனைந்த மின்சாமானை அரிசிக்குள் வைத்தால் பிழைத்துவிடும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெந்த அரிசியா வேகாத அரிசியா என்று சொல்லவில்லை. அவனைத் திட்ட முடியவில்லை, அத்தை, அவ்வளவு பெருமையாக என்னைப் பார்த்தான். பென்டிரைவ் பிழைக்கவில்லை. ஆக, வியாழக்கிழமை எல்லோரும் பழையபடி ஆக்கு என்று சொன்னாலும் என்னால் ஆக்க முடியாது.

போகிறது போகட்டும் என்று இன்னொரு குற்றமும் செய்துவிட்டேன். கேபிள் எட்டாத படகுத்துறைக் கோடிக்குப் போய் நின்று, போனில் தளத்தைத் திறந்தேன். ஒரே ஒரு கோடுதான் சிக்னல் இருந்தது. மூச்சை இழுத்து விடுவதற்குள் எங்கள் தீவு வந்துவிட்டது, அத்தை! படகு, தோட்டம், பறவை, பள்ளிக்கூடம், ஊஞ்சலில் ஷூர். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அதே சூட்டில் ஊர்ச்சங்கத்தின் பெயரில் ஃபெம்கேக்கு மெயில் போட்டுவிட்டேன்: "தயவுசெய்து இன்னொரு தடவை திறந்து பாருங்கள். அது பனி இல்லை. நாங்கள் குடியிருக்கிறோம். ரக்னி, வயது 13." தலைவருக்குத் தெரியாமல் சங்கத்தின் பெயரில் மெயில் போடுவதற்குத் தனியாக ஒரு விதி இருக்கிறது. போர்ஹில்தான் எழுதினார்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. வியாழக்கிழமைக்கு முன்னால் அப்பாவுக்குப் போன் செய்து, இதையெல்லாம் த்ரோன்ஹெய்மில் இருந்தபடியே நீங்கள்தான் செய்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் ஒரு பத்திரிகையின் தளத்தையே பார்த்துக்கொள்கிறவர், நம்புவார்கள். உங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட முடியாது, நடுவில் கடல் இருக்கிறது. நான் ஒன்றும் அறியாத பிள்ளையாக வாஃபிள் தின்றுகொண்டிருப்பேன். ஒருவேளை அந்த நான்கு பிள்ளைகளும் வந்துவிட்டால் உண்மையை நானே சொல்கிறேன், சத்தியம். வருவார்கள் என்று மனதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கேக்கை விட நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்.

உங்களுக்கு நல்ல தூக்கமும், பூனைக்கு நல்ல மீனும் கிடைக்கட்டும். ஷூர் முத்தம் அனுப்புகிறான், அவன் தூங்குகிறான் என்றாலும் அனுப்புவான். நாளைக் காலைப் படகில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

என்றும் உங்கள் அன்புக்குரிய, பயந்துபோன
ரக்னி

பி.கு.: அத்தை, போன் செய்யாதீர்கள்! உறை ஒட்டப் போகும்போது அப்பா கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிட்டார். வெளிச்சத்தில் தூக்கம் வராமல் மெயில் பார்த்திருக்கிறார். "அவங்க வர்றாங்க!" என்றார். ஃபெம்கேயும் தூங்காமல் வேனில் உட்கார்ந்து தளத்தைப் பார்த்திருக்கிறார், திங்கட்கிழமை சில்வாருக்குப் போகவில்லையாம், இங்கேதான் வருகிறார்களாம், ஊஞ்சல் யாருடையது என்று கடைக்குட்டி கேட்கிறானாம். அதற்குக் கீழேயே நான் எழுதிய மெயிலும் இருந்தது. அப்பா அதை வாசித்தார். நான் போர்வைக்குள் போனேன். "நீயா?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். படகு, கஞ்சி, தீர்மானம், எல்லாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அப்ப கேபிள் மேல தப்பில்லையே?" என்று கேட்டார். "இல்லப்பா," என்றேன். "கேபிள் ரொம்ப நல்ல கேபிள்." என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். அதனால் நீங்கள் செய்ததாகச் சொல்ல வேண்டாம், நான் செய்ததாகவே இருக்கட்டும். ஆனால் அவர் வாசல் வரை போய்த் திரும்பி, "ரக்னி, இப்பதான் இவ்வளவு லேசா ஆயிடுச்சே, வீட்டுக்கு இன்னும் அஞ்சஞ்சு படம் போடலாமே!" என்றார். உடனே போனை எடுத்துக்கொண்டு கீழே போனார். இப்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். மாக்னே பைஜாமாவோடு, பெரிய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறுகிறார். வெளிச்சம் ரொம்ப நன்றாக இருக்கிறதாம்.